இடது: ஆண் பூ, வலது: பெண் பூ

நாலு வருடம், வாரத்துக்கு ஒருநாள், நான் ஒரு பெண்ணாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழின் ஏழாம் பக்கத்தில், கீழ்ப்பாதியில். பெயர் பாக்கியம் அக்கா. எங்கள் ஓவியர் வரைந்து கொடுத்த முகத்தில் மூக்குக்கண்ணாடி, கொண்டை, ஐம்பத்தைந்து வயதுக்குரிய சாந்தம். கையில் ஒரு பூவாளி. வீட்டுத் தோட்டம் பற்றிய வாசகர் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது அக்காவின் வேலை. அக்காவுக்குச் செடிகளைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. எனக்குத் தெரிந்தது எதுவும் கிடையாது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியர். ராயபுரத்தில் ஒரு மாடியறையில் குடியிருந்தேன். அதன் ஒரே ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அலுவலக மேஜையில் தண்ணீர் பாட்டிலுக்குள் ஒரு மணி பிளான்ட் வைத்திருந்தேன். அதுவும் செத்துப்போனது. (மணி பிளான்ட் சும்மா சாகாது. அதற்கு ஆள் உழைக்கணும்.) பாக்கியம் அக்காவின் ஞானம் முழுவதும் மூன்று பழைய புத்தகங்களிலிருந்தும் ஒரு ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரியின் தொலைபேசி எண்ணிலிருந்தும் வந்தது. அதிகாரி பாதி நாள் போனை எடுக்க மாட்டார். அந்த வாரங்களில் அக்கா கொஞ்சம் தத்துவமாகப் பேசுவார்.

ஒரு வாரம் ஒரு கேள்வி வந்தது. மஞ்சள் பூசணிக் கொடியில் பூ பூவாகப் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை, என்ன செய்யலாம்? அந்த வாரம் அதிகாரி போனை எடுத்துவிட்டார். பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால்தான் காய். தேனீ வராத இடத்தில் அந்த வேலையை மனிதன் செய்ய வேண்டும். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் பூ சுருண்டுவிடும். எல்லாவற்றையும் அழகாக எழுதினேன். பக்கத்துப் பக்கமாக இரண்டு பூக்கள் இருக்கும் படம் ஒன்றும் கிடைத்தது. "இடது: ஆண் பூ, வலது: பெண் பூ" என்று அதற்குக் கீழே எழுதினேன்.

இனி நடந்த இரண்டு காரியங்களுக்கும் நானே பொறுப்பு.

முதலாவது: படம் பக்கத்தின் வலது ஓரத்தில் வந்தது. அதிலிருந்த இரண்டு பூவும் வலதுபுறம் சாய்ந்து, பக்கத்துக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. படத்தில் இருப்பவர் பக்கத்துக்கு வெளியே பார்க்கக் கூடாது, எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு விதி. பூவுக்கும் அது பொருந்தும் என்று முடிவு செய்து, படத்தை இடம் வலமாகத் திருப்பச் சொன்னேன். திருப்பினார்கள். மனிதர்கள் படமாக இருந்தால் சட்டைப் பொத்தானோ, புடவைத் தலைப்போ, கைக்கடிகாரமோ காட்டிக்கொடுத்திருக்கும். பூசணிப் பூ கடிகாரம் கட்டுவதில்லை. கீழே இருந்த இரண்டு வார்த்தைகளை யாரும் திருப்பவில்லை.

இரண்டாவது: கடைசி நேரத்தில் ஒரு கொசுவலை விளம்பரம் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்து வந்து நின்றது. இடம் போதவில்லையென்றால் அடியிலிருந்து வெட்டு என்பது இன்னொரு விதி. அடியில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. "பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும், அதை வைத்து எளிதில் அடையாளம் காணலாம்." வெட்டினேன்.

பக்கம் அச்சுக்குப் போனது. பார்க்க லட்சணமாக இருந்தது.

* * *

இதற்கும் என் கல்யாணத்துக்கும் சம்பந்தம் உண்டு.

அமலா எனக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் பழக்கம். மருத்துவப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை. எர்ணாவூரில் அம்மாவோடு இருந்தாள். இரண்டு வருடம் ஒரே பெட்டியில் பயணம் செய்து, பேசி, சண்டை போட்டு, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருவரும் முடிவெடுத்திருந்தோம். என் வீட்டில் சம்மதம். கோயில், சாதி, சாப்பாடு எதிலும் சிக்கல் இல்லை. சிக்கல் அமலாவின் அம்மா பிலோமினா.

பிலோமினா ரயில்வேயில் கேட் கீப்பர். கணவர் இறந்தபோது கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. இருபத்து மூன்று வருடம் லெவல் கிராசிங்கில் நின்று, ரயிலைக் காணும் முன்பே சத்தத்தை வைத்து எது என்று சொல்லக்கூடியவராக ஓய்வு பெற்றிருந்தார். அவருக்கு என்மேல் ஒரே ஒரு புகார்.

"பேப்பர்ல வேல செய்றாருன்னு சொல்றியே, அந்தப் பேப்பரத்தான் நான் டெய்லி படிச்சிகினு கீறேன். ஒரு நாளாவது அவரு பேரு வந்துக்கீதா?" என்று மகளைக் கேட்டிருக்கிறார். "கேட்டுல நான் ஒரு கையெழுத்துப் போடாம வண்டி போனதில்ல. பேரே போடாத வேல இன்னா வேல?"

உதவி ஆசிரியர் பெயர் பத்திரிகையில் வராது என்பதை அமலா விளக்கிப் பார்த்தாள். எடுபடவில்லை. நான் எழுதுகிற ஒரே விஷயம் வேறொருவர் பெயரில் வருகிறது என்பதை அவள் சொல்லவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"நேர்ல இட்டுகினு வா, பாக்கறேன்" என்று கடைசியில் உத்தரவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தேய்த்த சட்டையோடு எர்ணாவூர் போனேன்.

தரைத்தள வீடு. முன்னால் ஆறடி அகலத்துக்கு ஒரு மண் துண்டு. அதில் மூன்று பூசணிக் கொடிகள் தரையை மூடிப் படர்ந்து, சுவரிலும் ஏறிக்கொண்டிருந்தன. நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி இலைகளில் படிந்து, பச்சை நிறம் தண்ணீர் தெளித்த இடத்தில் மட்டும் தெரிந்தது. பூக்கள் எல்லாம் முறுக்கிய கைக்குட்டை மாதிரிச் சுருண்டு கிடந்தன. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். அந்தச் சுவரின் மேல், ஒரு கம்பில் கட்டி, ரயில்வேயின் சிவப்புக் கொடி.

பிலோமினா என்னை உட்காரச் சொன்னார். தேநீர் தந்தார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உங்க பேப்பர்ல பாக்கியம்னு ஒருத்தி எழுதறாளே, பாத்துக்கீறியா தம்பி?"

அமலா தேநீரை விழுங்காமல் வைத்திருந்தாள்.

"பாத்திருக்கேன்."

"நல்ல பொம்பளையா?"

"நல்லவங்கதான். கொஞ்சம் அவசரக்காரங்க."

"எனக்கென்னமோ டவுட்டா கீது. நாலு வருசமா அவ எழுதறத வெட்டி ஒட்டி வச்சிகினு கீறேன். ரிட்டேர் ஆனதும் அவ சொல்றபடிதான் பூசணிக் கொடி போட்டேன். இங்க தேனீ எங்க வருது, கொசுதான் வருது. அதான் அவ சொன்னாப்பல கையாலயே பண்ணேன். ஒரு மாசமா. ஒண்ணுகூடப் புடிக்கல."

எழுந்து போய் ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்தார். கேட்டில் ரயில் நேரம் எழுதும் பதிவேடு மாதிரியே கோடு போட்டிருந்தது. தேதி. நேரம். "06.10: ஆண் பூ 1 பறித்தது. பெண் பூ 4 தடவியது." அதற்குக் கீழே கையெழுத்து. அடுத்த நாள் "06.05". அதற்கும் கையெழுத்து. இருபத்தெட்டு நாளில் பதினான்கு ஆண் பூக்கள் பறிக்கப்பட்டிருந்தன. முதல் பக்கத்தில் என் பத்தி, நான்கு மூலையிலும் பசை தடவி, சுருக்கமில்லாமல் ஒட்டப்பட்டிருந்தது.

நாலு வருடத்தில் என் எழுத்தை இவ்வளவு மரியாதையாக நடத்திய இன்னொருவரைப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "டவுட்டா கீது" என்ற வார்த்தை தடுத்தது.

"பக்கத்து வீட்டுக்காரிதான் காரணம்" என்றார் பிலோமினா, குரலைத் தாழ்த்தாமலே. "காசியம்மான்னு பேரு. ஆப்பக்கடை போட்டுக்கீறா. இருபது வருசப் பழக்கம். மொதல் பூ பூத்த அன்னிக்கு, சுவத்துக்கு அந்தாண்ட நின்னு, பூவ நேரா வெரல நீட்டிக் காட்டறா, தம்பி. பூசணிய வெரல் நீட்டிக் காட்டுனா பிஞ்சு அழுகிப்பூடும்னு பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும். வாயத் தொறக்காதேன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். அன்னிலேர்ந்து பேச்சு கெடையாது. கொடி கட்டிட்டேன்."

சிவப்புக் கொடிக்கு அர்த்தம் புரிந்தது.

நான் அப்போது வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. ஆனால் எதிரே அமலா இருந்தாள். மேஜைமேல் என் பத்தி இருந்தது. கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"விரல் நீட்டுறதால எல்லாம் அழுகாதுங்க. செய்யுற முறையில ஏதாவது சின்னத் தப்பு இருக்கும். தடவுற அழுத்தம், கோணம், இந்த மாதிரி. நாளைக்குக் காலையில நானே வந்து செஞ்சு காட்டுறேன்."

அமலா தேநீரை இப்போதுதான் விழுங்கினாள். தவறான வழியில் போயிருக்க வேண்டும், இருமினாள்.

பிலோமினா என்னை முதன்முறையாக முழுசாகப் பார்த்தார். "செஞ்சிக்கீறியா முன்ன?"

"நிறைய."

"சரி. நாளைக்கு ஆண் பூ ஒண்ணு மலரும். மொக்கு பாத்து வச்சிக்கீறேன். காய் புடிச்சுதுன்னா மேல பேசலாம்."

வாசல்வரை வந்த அமலா கேட்டாள். "நீ பூசணிப் பூவ நேர்ல பாத்துருக்கியா?"

"படத்துல பாத்திருக்கேன்."

"அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடு. அவங்க தப்ப மன்னிப்பாங்க, சிக்னல மறைச்சா மன்னிக்க மாட்டாங்க."

"காய் பிடிச்சதும் சொல்றேன்" என்றேன்.

* * *

மறுநாள், அன்றைய முதல் லோக்கல் ரயிலில் போய் இறங்கினேன். கையில் ஒரு ஓவியத் தூரிகை. (எந்தப் புத்தகத்திலும் அது கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் கையை வீசிக்கொண்டு போனால் நிபுணர் மாதிரி இருக்காது.) சட்டைப்பையில் என் பத்தியின் நறுக்கு. ஞாபகத்தை நம்பக் கூடாது, அச்சில் வந்ததை நம்பு என்று பயிற்சிக் காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஆறு மணிக்கே காசியம்மாவின் ஆப்பக்கடையில் கூட்டம். ஷிப்ட் முடித்து வந்தவர்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள், இரண்டு டிரெய்லர் டிரைவர்கள். எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நின்றபடி சாப்பிடுகிறவனுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும். சுவருக்கு இந்தப்புறம், தேய்த்த சட்டையோடும் தூரிகையோடும், நான் இருந்தேன்.

"இன்னா மாமு, செவுத்துக்குப் பெயின்ட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"பூவுக்கு" என்று பிலோமினா பதில் சொன்னார். அவர்கள் ஆப்பத்தை மறந்து சுவரோரம் வந்தார்கள்.

பிலோமினா பதிவேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு இருவது. ஆரம்பி."

பூசணிப் பூக்கள் மலர்ந்திருந்தன. முந்தின நாள் சுருண்டு கிடந்தவையா இவை என்று எனக்கே ஆச்சரியம். உள்ளங்கை அகலத்துக்கு, அடர்மஞ்சளாக, ஏழெட்டு. இலைகளுக்கு மேலே முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தன. தண்டெல்லாம் இலைக்கு அடியில். நறுக்கை எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றின் நடுவே மட்டும் தடித்து, மடல் மடலாகப் பிரிந்த ஒரு உறுப்பு. மற்ற எல்லாவற்றிலும் ஒல்லியாக, பொடி படிந்த ஒரே ஒரு குச்சி. படத்தில் இடதுபுறம் இருந்தது மடல் பிரிந்தது. இடது: ஆண் பூ.

"இது ஆண்" என்றேன், சுவரோரம் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

"அதத்தான் நானும் ஒரு மாசமாப் பறிக்கிறேன்" என்றார் பிலோமினா.

"சரியாத்தான் பறிச்சிருக்கீங்க. இப்ப பாருங்க." இலைக்கடியில் கையை விட்டுத் தண்டைப் பிடித்து, சட்டென்று ஒடித்தேன். பூவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு இதழாக, மேஜிக் நிபுணர் மாதிரி உரித்தேன். ஐந்து இதழும் போனது. கையில் மிச்சமிருந்ததை உயர்த்திக் காட்டினேன்.

அப்போதுதான் அதன் அடிப்பகுதியை நான் பார்த்தேன்.

நெல்லிக்காய் அளவில், வெளிர்பச்சையாக, மெல்லிய ரோமத்தோடு, கோடுகள்கூட விழுந்து, ஒரு பூசணிக்காய். சந்தேகத்துக்கு இடமில்லாத பூசணிக்காய். கொசுவலை விளம்பரத்துக்காக நான் வெட்டிய வாக்கியம் என் விரல்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப்புறம் ஒரு குரல் கேட்டது.

"அடப்பாவி. பிஞ்சோட புடுங்கிட்டியே நைனா."

ஆப்பக்கரண்டியோடு காசியம்மா நின்றுகொண்டிருந்தார். என்னை விட்டுவிட்டுப் பிலோமினாவைப் பார்த்துப் பேசினார். ஒரு மாதம் அடக்கி வைத்தது முழுக்க வந்தது.

"அன்னிக்கே சொல்ல வந்தேன். அடியில காய் கீது, அதான் பொம்பளப் பூவு, அத்தப் பறிக்காதேன்னு வெரல நீட்டிக் காட்டுனா, வாயத் தொறக்காதேன்னு சொல்லிட்டு உள்ள பூட்டே. சரின்னு மூடிகினேன். அதுக்கப்பறம் டெய்லி காலையில வந்து ஒரு பிஞ்சக் கிள்ளிப் போடறே. ஆப்பத்தத் திருப்பிகினே பாத்துகினு கீறேன். வயிறு எரியுது. வாயத் தொறக்க முடியல, செவுத்துல செகப்புக் கொடி வேற."

பிலோமினா என் கையிலிருந்த நறுக்கை வாங்கிப் பார்த்தார். உரித்த பூவைப் பார்த்தார். கொடியில் மிச்சமிருந்த பூக்களின் அடியில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பார்த்தார். எதிலும் காய் இல்லை. எல்லாம் ஆண். பிறகு பதிவேட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். பதினான்கு வரிகள். பதினான்கு கையெழுத்துகள்.

"கனமா கீதேன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. "ஆம்பளைன்னா கனமாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்." பிறகு நறுக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அப்ப படம் மாறிக்கீது. இடது வலதாயிடுச்சு. கேட்டுல இந்த வேலையப் பண்ணா இன்னா ஆவும் தெரியுமா? அப் லைன்ல வர வண்டிய டவுன் லைன்னு சொன்னா? யாரு இந்தப் பாக்கியம்? அவளாண்ட நான் பேசணும்."

வாசற்படியில் அமலா நின்றிருந்தாள். அவள் என்னைக் காப்பாற்றப் போவதில்லை என்பது முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. பக்க வடிவமைப்பாளர் மீது பழியைப் போடலாமா என்று யோசித்தேன். எங்கள் வடிவமைப்பாளர் நல்ல மனிதர், நான் திருப்பச் சொன்னபோது "எதுக்கு சார்?" என்று கேட்டவர்.

"பேசிட்டுத்தான் இருக்கீங்கம்மா" என்றேன். "நான்தான் பாக்கியம். படத்தத் திருப்பச் சொன்னதும் நான்தான்."

ஒரு டிரெய்லர் டிரைவர்தான் முதலில் பேசினார், பக்கத்தில் இருந்தவரிடம், மிகுந்த மரியாதையோடு.

"அக்கா மீச வச்சிக்கீது."

ஆப்பக்கடை மொத்தமும் சிரித்தது. ஒருவருக்குத் தேங்காய்ப்பால் மூக்கில் ஏறிவிட்டது. அவர் முதுகை இரண்டு பேர் தட்டினார்கள். எர்ணாவூரில் அன்று காலை ஷிப்டுக்குத் தாமதமாகப் போனவர்கள் எல்லோருக்கும் காரணம் நான்.

பிலோமினா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத ஆரம்பித்தார். தலைகீழாக எழுத்தைப் படிப்பது எங்கள் தொழிலில் தானாக வந்துவிடும். எழுதும்போதே படித்தேன்: "06.31: பெண் பூ 1 பறிக்கப்பட்டது. பறித்தவர்: பாக்கியம்." நோட்டை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துப் போடு."

போட்டேன். என் சொந்தப் பெயரில்.

என் கல்யாணம் அந்த நோட்டோடு மூடப்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். பிலோமினா நோட்டை மூடிவிட்டுச் சுவரருகே போனார். கம்பில் கட்டியிருந்த சிவப்புக் கொடியை அவிழ்த்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு காசியம்மாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகளை அப்படியே தருகிறேன்.

"ரெண்டு ஆப்பம் குடு. அந்தாளுக்கும் ஒண்ணு குடு. விடியக்காலைலயே வந்துக்கீறான்."

காசியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லருகே போனார். தட்டில் ஐந்து ஆப்பம் வந்தது.

* * *

எனக்கான தீர்ப்பை, ஆப்பம் சாப்பிட்டு முடித்ததும் பிலோமினா அறிவித்தார். இரண்டு பகுதிகள். ஒன்று: காய் பிடிக்கும்வரை தினமும் காலையில் வர வேண்டும். இரண்டு: பத்திரிகையில் திருத்தம் வர வேண்டும்.

இரண்டாவது சுலபம் என்று நினைத்தேன். ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். (கல்யாணப் பகுதியைத் தவிர்த்து.) அவர் பெருமூச்சு விட்டு, இரண்டு அங்குலத்தில் ஒரு கட்டம் போடச் சொன்னார். அச்சுக்குப் போகும் முன் அதன் அச்சு நகலை எடுத்துப் போய்ப் பிலோமினாவிடம் காட்டினேன்.

"தப்பு அரைப் பக்கத்துக்கு வந்துச்சு. திருத்தம் பொட்டு சைஸ்ல கீது" என்றார். "கீழ யாரு பேரும் காணோம்."

அதனால் இரண்டு வாரம் கழித்து அரைப் பக்கத்துக்குத் திருத்தம் வந்தது. ஆசிரியர் அதற்கு எப்படிச் சம்மதித்தார் என்பது தனிக்கதை. கல்யாணப் பகுதியையும் சொல்ல வேண்டியதாயிற்று. பிலோமினாவின் கொடியிலேயே எடுத்த படம். பூவின் முகம் அல்ல, அடிப்பகுதி. கீழே இடதும் இல்லை, வலதும் இல்லை. "அடியில் காய் இருப்பது பெண் பூ. இல்லாதது ஆண் பூ." எல்லாவற்றுக்கும் கீழே, வருத்தத்தோடு, என் பெயர். ஆறு வருடப் பத்திரிகை வாழ்க்கையில் என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது அப்படித்தான்.

முதல் பகுதி சுலபமாக இல்லை. நான்கு காலைகள் ஆண் பூவாகவே மலர்ந்தன. வீம்புக்குப் பூத்தது மாதிரி இருந்தது. நான் முதல் லோக்கலில் வருவேன், இலைகளில் புழுதியைக் கழுவுவேன், ஆப்பம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். டிரெய்லர் டிரைவர்கள் "அக்கா, வணக்கம்" என்பார்கள். ஐந்தாம் நாள் ஒரு பெண் பூ மலர்ந்தது. காசியம்மா சுவர் மேல் சாய்ந்துகொண்டு உத்தரவு கொடுத்தார். விரலை நீட்டவில்லை. அந்த விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததே கிடையாது. ஆபத்துக்குத்தான் அன்று நீட்டினாராம். இப்போது ஆப்பக்கரண்டியால் காட்டினார்.

"அந்தா, அத்தப் புடி. உரி. மெதுவா, மெதுவா. கொழந்தைக்குப் பொட்டு வைக்கறாப்பல வை. தேய்க்காதே, சட்டி வெளக்கறியா? பிரஷ்ஷத் தூக்கிப் போடு மொதல்ல."

வைத்தேன். "06.14" என்று பிலோமினா எழுதினார்.

அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை. மகரந்தம் சேர்ந்திருந்தால் பிஞ்சு ஒரு வாரத்தில் பருக்கும். சேரவில்லையென்றால் மஞ்சளாகிச் சுருங்கி விழும். இதையும் அக்கா ஒரு தடவை எழுதியிருக்கிறார், மிகச் சாதாரணமாக. காத்திருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அக்கா எழுதவில்லை. "இனி ஞாயித்துக்கெழமை வந்தாப் போதும், தினம் வந்து எட்டிப் பாத்தா அதுக்கே கண்ணு பட்டுடும்" என்று பிலோமினா என்னைத் தடை செய்துவிட்டார். ரயிலில் அமலாவைக் கேட்டால் "அம்மா என்னைப் பக்கத்துலயே விடல. துணி போட்டு மூடி வச்சிருக்காங்க" என்பாள். அந்த வாரம் நான் திருத்திய செய்திகளில் மூன்று பிழைகள் தப்பிப் போயின. ஒரு அமைச்சரின் துறையையே மாற்றிவிட்டேன். மஞ்சள் நிறத்தில் எது கண்ணில் பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஞாயிறு காலை, சர்ச்சில் பூசை முடிந்து, எர்ணாவூர் தெருவில் திரும்பினேன். அங்கிருந்து வீடு நூறு அடி. வாசலில் பிலோமினா நின்றுகொண்டிருந்தார். விறைப்பாக, நேராக, கேட்டில் நிற்கிற மாதிரி. வலது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. கையில் கொடி. வெயில் கண்ணில் அடித்ததால் நிறம் தெரியவில்லை. இன்னும் இருபது அடி நடந்தேன்.

பச்சை.

அவர் அதை ஆட்டவில்லை. அசையாமல் நீட்டிப் பிடித்திருந்தார். வண்டி கடந்து போகும்வரை அப்படித்தான் பிடிக்க வேண்டுமாம். நான் அவரைக் கடந்து, பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் போய், குனிந்து பார்த்தேன். துணிக்கு அடியில் தேங்காய் அளவுக்குப் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். தேய்த்த பேன்ட். பரவாயில்லை என்று இருந்தது. ஒரு வாரமாக நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த சரக்கு ரயில் ஒன்று கடைசிப் பெட்டிவரை கடந்து போனது.

"ஏந்திரு மாப்ள" என்றார் பிலோமினா. "தொடாம ஏந்திரு."

அந்தக் காய் எங்கள் நிச்சயதார்த்தச் சாம்பாரில் போனது. காசியம்மாதான் வெட்டினார். பாக்கியம் அக்கா இன்னும் ஏழாம் பக்கத்தில் இருக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வாரமும் ஆப்பக்கடைக்கு ஒரு போன் போகிறது. எடுக்காத நாளே கிடையாது. என் திருத்தத்தைப் பிலோமினா வெட்டிப் பதிவேட்டில், பழைய பத்திக்கு எதிர்ப்பக்கத்தில், நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டியிருக்கிறார். யார் வீட்டுக்கு வந்தாலும் காட்டுவார். "எங்க மாப்ள பேரு பேப்பர்ல வந்துக்கீது பாருங்க." இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் காட்டுவார்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். மூன்று வருடம் முன்பு எங்களுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவ அறை வாசலில் நர்ஸ் வந்து சொன்னதும், முதல் போனை எர்ணாவூருக்குத்தான் போட்டேன்.

"அத்தே, நல்லபடியா முடிஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் சௌக்கியம். பொண்ணு பொறந்திருக்கு."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. மாதா பெயரை இரண்டு முறை சொன்னது கேட்டது. பிறகு, கேட்டில் நிற்கும் குரலில்:

"நர்ஸாண்ட போன குடு."